தொலைவிலிருந்து நாடி பார்த்தல்

நம் பாட்டன்மார் காலத்தில் வைத்தியர் வீட்டுக்கு வந்தால் முதலில் நோயாளியின் மணிக்கட்டைத்தான் பற்றுவார். மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் இருப்பார். வீட்டிலுள்ளோர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பர். அவர் கண்ணைத் திறந்து ஒரு சொல் சொன்ன பிறகே அடுப்பில் கஷாயம் ஏறும். வைத்தியரும் நோயாளியும் ஓரிடத்தில் இருந்தாலன்றி வைத்தியமே இல்லை என்பது அக்காலத்தார் கொண்டிருந்த உறுதி. அவ்வுறுதி எப்படித் தளர்ந்தது? குறிப்பாக, உடம்பில் கத்தி வைப்பதற்கு முன் நோயாளியை ஆராய்ந்து பார்க்கும் பொறுப்பு மிகுந்த காரியம், பல நூறு மைல்களைத் தாண்டிச் செல்ல எவ்வாறு துணிந்தது? அந்த வரலாற்றையே இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

மாணவர்களே, நான் மருத்துவன் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்று, பள்ளிகளில் வரலாறு கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். இதைப் பற்றிப் பேச உமக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நடவாமற்போன ஓர் அறுவைச் சிகிச்சையும், நடந்தேறிய ஓர் அறுவைச் சிகிச்சையும் எங்கள் குடும்பத்து வரலாற்றில் உண்டு. அவ்வளவே என் தகுதி. முன்னது என் தந்தையாருடையது, பின்னது என்னுடையது.

1974-ஆம் ஆண்டில் எனக்கு வயது 14. புதுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் என் தந்தையார் பயிர்த்தொழில் செய்துவந்தார். அவருக்குக் குடலிறக்கம் கண்டது. பெருநகர மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். நானும் அவரும் இரண்டு பேருந்து மாறி, ஓர் இரவு முழுதும் பயணம் செய்து அங்கே போய்ச் சேர்ந்தோம். மறுநாட் காலையில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் வந்து தந்தையாரின் கையில் பட்டையைக் கட்டி இரத்த அழுத்தத்தை அளந்தார். மிகுதியாக இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டுக் குறைந்த பின் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மூன்று திங்கள் கழித்து மறுபடியும் போனோம். அப்போது தந்தையாருக்கு மார்பில் சளி; இருமல் வேறு. மறுபடியும் திருப்பியனுப்பினார்கள். இருமுறையும் மருத்துவர் செய்தது சரியே என்பதை இன்று நான் அறிவேன். அன்று தந்தையாருக்குத் தெரிந்ததெல்லாம், நடவு நேரத்தில் வயலை விட்டுவிட்டு வந்ததும், வழிச்செலவுக்காக இரண்டு ஆடுகளை விற்றதுமே. மூன்றாம் முறை அவர் போகவில்லை. "போனால் இன்னொரு காரணம் சொல்வார்கள், தம்பி" என்றார். 1976-ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு நள்ளிரவில், இறங்கிய குடல் மேலே ஏறாமல் சிக்கிக்கொண்டது. நெல் ஏற்றிச் செல்லும் லாரியொன்றில் அவரைக் கொண்டுபோனோம். மறுநாள் மாலையில் அவர் உயிர் பிரிந்தது.

எங்கள் ஊரிலிருந்து நான்கு கல் தொலைவில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அங்கேயும் இருந்தது. அதைப் பார்க்கத் தெரிந்தவரும் இருந்தார். ஆனால் அவருக்கும் நகரத்து மயக்க மருத்துவருக்கும் இடையே ஒரு சொற் பரிமாற்றமும் இல்லை. அந்த நான்கு கல்லைப் பற்றியே பல ஆண்டுகள் எண்ணியிருக்கிறேன். அவ்வெண்ணமே இப்பொருளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கும்படி என்னைத் தூண்டியது.

முதலில், அறுவைக்கு முன் சோதனை எதற்கு என்பதைப் பார்ப்போம். 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியை முகரச் செய்து ஒரு நோயாளியை மயக்கினார். வலியின்றி அறுவை நடந்தது. அடுத்த ஆண்டிலேயே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரபாரத்தை அறிமுகப்படுத்தினார். வலியை வென்றுவிட்டோம் என்று உலகம் களிகூர்ந்தது. அக்களிப்பு நீடிக்கவில்லை. 1848-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள், வட இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமிக்குக் கால் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரபாரம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அவள் இறந்துவிட்டாள். சில திங்களுக்கு முன்தான் ஈதர் மயக்கத்தில் இன்னொரு நகத்தை எடுத்து நலமாக வீடு திரும்பியவள் அவள். நகத்துக்காக ஓர் உயிர்! அவள் ஏன் இறந்தாள் என்பது பற்றி மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாக வாதிட்டு வந்திருக்கிறார்கள். குளோரபாரம் முதலில் நிறுத்துவது மூச்சையா, இதயத்தையா என்பதை முடிவு செய்ய நம் நாட்டிலேயே ஐதராபாத்தில், நிஜாமின் பொருளுதவியோடு, 1888-லும் 1889-லும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அமர்ந்தன என்பதை உங்களிற் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். அவ்வாதம் இங்கே நமக்கு வேண்டாம். மயக்க மருந்து எல்லா உடம்பையும் ஒன்றுபோல் பாவிப்பதில்லை, ஆகவே மருந்துக்கு முன் உடம்பை அறிய வேண்டும் என்ற பாடம் மட்டும் நிலைத்தது.

ஆனால் எப்போது அறிவது? நெடுங்காலம் வரை அறுவைக்கு முந்தின இரவோ அன்று காலையோதான் மயக்க மருத்துவர் நோயாளியைக் கண்டார். 1949-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள சவுத்தெண்டு என்னும் கடற்கரை நகரத்து மயக்க மருத்துவர் ஆல்பிரட் லீ ஒரு கட்டுரை வெளியிட்டார். நோயாளி மருத்துவமனையில் படுக்கைக்கு வருவதற்குப் பல நாட்களுக்கு முன்னரே, வெளிநோயாளியாக வந்து மயக்க மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பது அதன் கருத்து. இரத்தம் குறைவாயிருந்தால் ஊறுவதற்கு நாள் உண்டு. இருமல் இருந்தால் தீர்வதற்கு நாள் உண்டு. புகை பிடிப்பவன் நிறுத்துவதற்கும் நாள் உண்டு. மிக எளிய எண்ணம்தான். என் தந்தையாருக்கு வேண்டியிருந்ததும் அதுவே. ஆனால் 'முன்னரே வந்து பார்த்துவிட்டுப் போ' என்பது மருத்துவமனைக்கு அருகில் இருப்பவனுக்குச் சொல்லக்கூடிய அறிவுரை. ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருப்பவனுக்கு அது இன்னொரு பயணம். இன்னும் இரண்டு ஆடுகள்.

இனித் தொலைவின் கதைக்கு வருவோம். 1876-ல் பெல் தொலைபேசிக்கு உரிமை பெற்றார். மூன்றே ஆண்டுகளில், ஒரு குழந்தையின் இருமலைத் தொலைபேசியிலேயே கேட்டு அது தொண்டை அடைக்கும் கொடிய நோயா அன்றா என்று மருத்துவர் ஒருவர் முடிவு செய்தது பற்றி லண்டன் மருத்துவ இதழான 'லான்செட்' செய்தி வெளியிட்டது. அறிவாளிகள் சிலர் புன்முறுவல் பூத்திருப்பர். 1905-ல் நடந்ததோ புன்முறுவலுக்குரியதன்று. ஹாலந்து நாட்டு லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் என்னும் பேராசிரியர் இதயத்தின் மின்னோட்டத்தை வரைந்து காட்டும் கருவியொன்றை அமைத்திருந்தார். இவர் பிறந்தது ஜாவாத் தீவிலுள்ள செமராங்கில். இன்று கைப்பையில் அடங்கும் அக்கருவி அன்று ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ளது. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். அதை நோயாளியிடம் கொண்டு போக முடியாது. படுத்த படுக்கையாயிருக்கும் நோயாளியை அதனிடம் கொண்டு வருவதும் கூடாது. ஐந்தோவன் என்ன செய்தார் தெரியுமா? மருத்துவமனைக்கும் தம் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே இருந்த ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்குத் தொலைபேசிக் கம்பியை இணைத்தார். நோயாளி அங்கே உப்புநீர்ச் சாடிகளில் கைகால்களை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அவருடைய இதயத் துடிப்பு இங்கே கோடாக விழுந்தது. 1924-ல் இவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஒன்றரைக் கிலோமீட்டர் அவ்வளவு பெரிய தொலைவா என்பீர்கள். ஆகவே உங்களை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்கிறேன். இக்கதையில் என் மனம் எப்போதும் போய் நிற்கும் இடம் அதுதான்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் ஹால்ஸ் கிரீக் என்றொரு சிற்றூர். ஒரு காலத்தில் தங்கம் கிடைத்ததென்று கூட்டம் திரண்டு, தங்கம் தீர்ந்ததும் கலைந்துபோன ஊர். 1917-ஆம் ஆண்டு அதன் அருகே மாட்டுப் பண்ணையொன்றில் ஜிம்மி டார்சி என்ற இளைஞர் குதிரை ஏறி மந்தை ஓட்டும் வேலை செய்துவந்தார். ஒருநாள் குதிரை கீழே விழுந்து அவர் கடுமையாக அடிபட்டார். தோழர்கள் அவரைக் கண்டெடுத்து, 12 மணி நேரம் பயணம் செய்து, ஹால்ஸ் கிரீக்குக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே மருத்துவர் இல்லை. முதலுதவி தெரிந்த ஒரே மனிதர் அஞ்சல் நிலையத் தலைவர் டக்கெட்தான். அவர் விண்டம் என்ற ஊரிலிருந்த மருத்துவருக்குத் தந்தி அடித்தார், கிடைக்கவில்லை. டெர்பியிலிருந்த மருத்துவருக்கு அடித்தார், அவரும் கிடைக்கவில்லை. இறுதியில் பெர்த் நகரத்தில் டாக்டர் ஹாலந்து என்பவர் கிடைத்தார். பெர்த்துக்கும் ஹால்ஸ் கிரீக்குக்கும் இடையே இன்றைய சாலைக் கணக்கில் ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் கிடக்கும் நோயாளியை ஏறக்குறைய தில்லியிலிருந்து ஒருவர் பார்ப்பதைப் போன்றது. அதுவும் பார்க்கவில்லை, கேட்கவுமில்லை. புள்ளியும் கோடுமாக வரும் மோர்ஸ் குறிகளைப் படித்தார்.

அந்தத் தந்தி அறையை நினைத்துப் பாருங்கள். ஒரு புறம் முனகிக்கொண்டு கிடக்கும் இளைஞர். மறுபுறம் கட்டு, கட்டு என்று ஒலிக்கும் கருவி. மருத்துவர் வினாக்களை அனுப்புகிறார். டக்கெட் நோயாளியைப் பார்க்கிறார், தொடுகிறார், கேட்கிறார், விடையை அனுப்புகிறார். வலி எவ்விடத்தில், சிறுநீர் கழிகிறதா, வயிறு உப்பியிருக்கிறதா என்ற முறையில்தான் அவ்வினாக்கள் இருந்திருக்க வேண்டும். விடைகளைக் கொண்டு, சிறுநீர்ப்பை கிழிந்துள்ளது என்று ஹாலந்து முடிவு கட்டினார். உடனே அறுவை செய்தாக வேண்டும் என்றார். யார் செய்வது? டக்கெட்தான். எதைக் கொண்டு? அங்கே இருந்த கூரிய கருவி ஒரு பேனாக்கத்தி. மயக்க மருந்து இல்லை. தயங்கித் தயங்கி டக்கெட் அதைச் செய்தார். ஒருமுறையன்று, இருமுறை. வழிகாட்டியது முழுவதும் தந்தி.

அத்துடன் ஹாலந்து சும்மா இருக்கவில்லை. மாடு ஏற்றும் கப்பலில் புறப்பட்டு, பிறகு ஃபோர்டு மோட்டார் வண்டியில் ஏறி, குதிரை வண்டியிலும் பயணம் செய்து, கடைசியில் கால்நடையாகவும் நடந்து ஹால்ஸ் கிரீக் வந்து சேர்ந்தார். டார்சி முந்தின நாள் இறந்திருந்தார்.

இனிச் சொல்லப் போவதை ஊன்றிக் கவனியுங்கள். அறுவையால் அவர் இறக்கவில்லை. பேனாக்கத்தியின் வேலை வெற்றியே பெற்றிருந்தது. அவருக்கு மலேரியா இருந்தது. குடல்வாலில் ஒரு சீழ்க்கட்டியும் இருந்து உடைந்திருந்தது. இரண்டையும் எவரும் கண்டறியவில்லை. தொலைவிலிருந்து கேட்கும் மருத்துவர் கேட்டதற்குத்தான் விடை வரும், கேளாததற்கு வராது. வயிற்றின் வலப்புறத்தை அழுத்திப் பார்க்கப் பழகிய கை பெர்த்தில் இருந்தது. வயிறு ஹால்ஸ் கிரீக்கில் இருந்தது. தந்திக் கம்பி வினாவையும் விடையையும் ஏற்றிச் செல்லும். கையை ஏற்றிச் செல்லாது. டார்சிக்கு நடந்தது முன்கூட்டித் திட்டமிட்ட அறுவையன்று, ஆபத்தில் செய்த அறுவை என்பதை அறிவேன். ஆயினும் தொலைவிலிருந்து சோதிக்கும் முறையின் வலிமையும் குறையும் ஒரே அறையில் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த நிகழ்ச்சி வேறொன்றை நான் படித்ததில்லை.

இன்னொரு செய்தியையும் ஆசிரியன் என்ற முறையில் சொல்லாமல் விட மனமில்லை. டக்கெட்டுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் முதலுதவி வகுப்பு நடத்தியவர் இதே ஹாலந்துதான். தந்தியின் இரு முனைகளிலும் இருந்தவர்கள் ஆசிரியரும் மாணவரும். அவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் இவருக்கு எது விளங்கும் என்பது முன்னரே இருவருக்கும் தெரியும்.

டார்சியின் சாவு நாடெங்கும் செய்தித்தாள்களில் வெளிவந்தது. ஜான் பிளின் என்ற பாதிரியார் உள்நாட்டுப் பாலைப் பகுதி மக்களுக்காக 1912 முதல் உழைத்து வந்தார். அவருக்கு 1917 நவம்பரில் கிளிஃபோர்டு பீல் என்ற இளம் படை அதிகாரி, மருத்துவரை வானூர்தியில் அனுப்பலாமே என்று கடிதம் எழுதினார். எழுதியவர் அடுத்த ஆண்டே பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டார், கடிதம் மாளவில்லை. 1928-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் கிளோன்கரி என்னும் ஊரிலிருந்து முதல் பறக்கும் மருத்துவர் புறப்பட்டார். பறப்பது எளிதாயிற்று, ஆனால் பறக்க வேண்டுமா, வேண்டாமா என்று தெரிவது எப்படி? ஆல்பிரட் டிரேகர் என்ற பொறியாளர் 1929-ல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிப் பெட்டியைப் பண்ணை வீடுகளுக்கு அளித்தார். தையல் எந்திரத்தை மிதிப்பது போல் மிதித்துக்கொண்டே செய்தி அனுப்பலாம். பண்ணைப் பெண்களுக்கு மோர்ஸ் தெரியாதே என்று, எழுத்தை அழுத்தினால் மோர்ஸ் குறியாகத் தானே மாற்றி அனுப்பும் தட்டச்சுப் பலகை ஒன்றையும் பின்னர் அமைத்துக் கொடுத்தார்.

இவ்வளவும் எந்திரம். எனக்கு மிகவும் பிடித்தது எந்திரமன்று, ஒரு தாள். மனித உடம்பின் முன்புறமும் பின்புறமும் வரைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் இட்ட படத்தைப் பண்ணைதோறும் கொடுத்தார்கள். 'வயிற்றில் வலி' என்று சொன்னால் எந்த இடமென்று மருத்துவருக்குத் தெரியாது. 'இந்த எண்ணில் வலி' என்றால் தெரியும். அவ்வாறே 1942-ல் லூசி கார்லிக் என்ற செவிலியின் யோசனையால், எண்ணிட்ட மருந்துகள் அடங்கிய பெட்டி பண்ணைகளில் வைக்கப்பட்டது. மருந்தின் பெயரைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எண்ணைச் சொன்னால் போதும். டார்சியின் வயிற்றுக்கும் ஹாலந்தின் அறிவுக்கும் இடையே இல்லாமற்போன பொது மொழி இதுதான். அந்த வானொலி வலையிலேயே 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வான்வழிப் பள்ளி தொடங்கியது. எதிரே அமர்ந்திராத மாணவனுக்குப் பாடம் நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை நோய்த்தொற்றுக் காலத்தில் உங்கள் ஆசிரியர்களும் கண்டுகொண்டார்கள்.

அடுத்த சில பத்தாண்டுகளை விரைந்து கடப்போம். 1959-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மனநோய் மருத்துவர்கள் இருவழித் தொலைக்காட்சியைப் பயன்படுத்தத் தொடங்கினர். 1968-ல் பாஸ்டன் விமான நிலையத்துக்கு வரும் பயணிகளை, மார்ட்டன் ஈதர் கொடுத்த அதே மருத்துவமனையிலிருந்து மருத்துவர்கள் தொலைக்காட்சி வழியே பார்த்தார்கள். செலவு மிகுதி, படமும் தெளிவில்லை. இவற்றைப் பற்றி அக்காலத்தில் எழுதியவர்கள் கருவியைப் புகழ்ந்த அளவு, நோயாளியின் பக்கத்தில் நின்ற செவிலியைப் புகழவில்லை என்பது என் குறை.

அறுவைக்கு முந்தைய சோதனை இந்த வழியில் வந்தது மிகப் பிற்பாடுதான். காரணம் உண்டு. மயக்க மருத்துவர் நோயாளியிடம் தேடுவது பலவகை. முன்பு மயக்கம் கொடுத்தபோது ஏதேனும் நேர்ந்ததா, என்னென்ன மாத்திரை உட்கொள்கிறீர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இரவில் குறட்டை விட்டு மூச்சு நின்று எழுவதுண்டா என்பன வினாக்கள். இவை தொலைபேசியிலும் போகும். பல் ஆடுகிறதா, கழுத்து நிமிர்கிறதா, வாய் எவ்வளவு திறக்கிறது என்பவை கண்ணால் காண வேண்டியவை. மயக்கத்தில் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்த வேண்டும். அது எளிதில் போகுமா என்பதை முன்னரே அறிந்திராவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதற்கு ஓர் எளிய வழியை 1985-ல் வெளியிட்டவர் நம் நாட்டில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி மல்லம்பட்டி. நோயாளி நேரே உட்கார்ந்து வாயை அகலத் திறந்து நாக்கை நீட்ட வேண்டும். உள்நாக்கும் அண்ணமும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்த்து வகை பிரிக்க வேண்டும். கருவி வேண்டாம், தொடவும் வேண்டாம். அவர் திரையை நினைத்து இதைச் செய்யவில்லை. ஆனால் திரைக்கென்றே செய்தது போல் அமைந்துவிட்டது. எஞ்சியிருப்பது காதால் கேட்க வேண்டிய இதயமும் நுரையீரலும். ஒலியை மின்குறியாக மாற்றும் ஸ்டெதாஸ்கோப்பு வந்ததும் அதுவும் கம்பி ஏறியது.

2004-ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரத்து மயக்க மருத்துவர்கள், தொலைவிலிருந்த ஒரு சிலரை இவ்வாறு திரைவழி சோதித்து, அந்த அனுபவத்தை மயக்கவியல் இதழில் வெளியிட்டனர். ஆஸ்திரேலியாவிலும் இது பரவியது. டார்சி கிடந்த இடத்துக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் வட ஆட்சிப்பகுதியில் டெனன்ட் கிரீக் என்ற ஊரிலிருந்து தலைநகர் டார்வினுக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். அப்பகுதியின் சிற்றூர் நோயாளிகளை ராயல் டார்வின் மருத்துவமனையின் மயக்க மருத்துவர்கள் திரையில் கண்டு சோதித்தது பற்றி, நோயாளிகளின் கருத்தையே கேட்டு எழுதிய ஆய்வு 2015-ல் வெளிவந்தது. பெரும்பாலோர் இம்முறையை விரும்பினர். இதில் எனக்கு வியப்பில்லை. ஒரு சோதனைக்காக 1,000 கிலோமீட்டர் போய் வருவதை யார்தான் விரும்புவர்?

நம் தமிழ்நாட்டைப் பற்றியும் ஒரு சொல். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கியது. 2004 முதல் அது சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்களை அமைத்து வந்தது. அங்கே மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற பெண் பணியாளர் ஒருவர் நோயாளியின் கண்ணைக் கருவியால் சோதிப்பார். பின்பு மருத்துவர் தலைமை மருத்துவமனையிலிருந்து திரைவழியே நோயாளியோடு பேசி, கண்புரை அறுவை வேண்டுமா என்பதைச் சொல்வார். வேண்டியவர் மட்டும் பயணம் செய்தால் போதும். அந்தப் பணியாளர்களிற் பெரும்பாலோர் சுற்றுவட்டக் கிராமத்துப் பெண்கள். டக்கெட்டின் இடத்தில் அவர்களை வைத்துப் பார்க்கிறேன்.

2020-ல் கொரோனாத் தொற்று வந்தது. மருத்துவமனைக்குப் போவதே ஆபத்தாகியது. அவ்வாண்டு மார்ச் 25-ஆம் நாள், நாடு முழுதும் ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலை மருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகள் நம் நாட்டில் வெளியாயின. அதுவரை ஆர்வலர் சிலரின் முயற்சியாக இருந்தது, பலருக்கும் பழகிய நடைமுறையாயிற்று.

இனி என் கதை. தந்தையாரின் நிலம் பங்கு பிரிந்து போயிற்று. அவருடைய நோய் மட்டும் குறைவின்றி எனக்கு வந்து சேர்ந்தது. 2023-ஆம் ஆண்டு எனக்கும் குடலிறக்கத்துக்கு அறுவை வேண்டும் என்றார்கள். அறுவை நகரத்தில், ஆனால் முன்சோதனைக்கு எங்கள் தாலுகாத் தலைநகரில் உள்ள மருத்துவமனைக்குப் போனால் போதுமாம். அறை இரண்டாம் மாடியில். மின்தூக்கி அன்று ஓடவில்லை. படியேறிப் போனேன்.

அறையில் ஒரு மேசை, ஒரு திரை, ஒரு செவிலி. திரையில் தோன்றிய மயக்க மருத்துவர் இளம் பெண். என் மாணவியரின் வயதிருக்கும். வணக்கம் சொல்லி, முறைப்படி வினாக்களைத் தொடங்கினார். வாயைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். மல்லம்பட்டி என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். செவிலி என் கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தத்தைச் சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்தார். பின்பு மருத்துவர் கேட்டார்:

"சார், இரண்டு மாடி நிற்காமல் ஏறுவீர்களா?"

இது வெறும் பேச்சன்று. இதயமும் நுரையீரலும் அறுவையைத் தாங்குமா என்று அளக்க மயக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் பழைய அளவுகோல் என்பதை நான் படித்திருந்தேன். படித்திருந்தும், "ஏறுவேன் அம்மா" என்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர் முன் நிமிர்ந்து நின்றவனின் வாய் வேறு விடை சொல்ல மறுத்தது. திரையில் தெரிந்த என் முகத்திலும் களைப்பில்லை. உட்கார்ந்து கால்மணி ஆகியிருந்தது.

செவிலி மெல்லச் சொன்னார்: "டாக்டர், சார் மேலே வரும்போது இரண்டு இடத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னாலேயே வந்தேன்."

மருத்துவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, வீட்டுப்பாடம் செய்யாத பையனிடம் நான் எத்தனையோ முறை பேசியிருக்கும் அதே குரலில், "சார், மறுபடியும் கேட்கிறேன்" என்றார். நான்கு திங்களாக மேடு ஏறினால் மார்பு இறுகுவதை அப்போதுதான் சொன்னேன். வீட்டாரிடமும் சொல்லாதிருந்த செய்தி அது.

அறுவையைத் தள்ளி வைத்து என்னை இதய மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரத்தக்குழாய் ஒன்று பெரிதும் அடைபட்டிருந்தது. முதலில் அதைச் சரிசெய்தார்கள். எட்டுத் திங்கள் கழித்து மீண்டும் அதே அறைக்குச் சோதனைக்கு வரச் சொன்னார்கள். மின்தூக்கி இப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தச் செவிலி கீழ்த்தளத்தில் எனக்காகக் காத்திருந்தார். "படியிலேயே போவோம், சார்" என்று சொல்லி, இரண்டு படி பின்னால் என்னோடு ஏறி வந்தார். நான் நிற்கவில்லை. திரை ஒளிர்ந்ததும் மருத்துவர் முதலில் என்னைக் கேட்கவில்லை, அவரைத்தான் கேட்டார்.